படகுக் கேபினின் மெத்தையுறைக்கு எந்தத் துணி நன்றாக உழைக்கும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒன்பது மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதன் கேபினில் உள்ள இருக்கைகளுக்கும் படுக்கைகளுக்கும் புதிய உறை தைக்க வேண்டும். கடையில் மூன்று மாதிரிகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரு லட்சம் உரசல்களைத் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்ட ரெக்சின். இரண்டாவது, கைக்கு மெத்தென்றிருக்கும் பருத்தி கலந்த தடித்த துணி. மூன்றாவது, தோட்டத்து நாற்காலிகளுக்கென விற்கப்படும் அக்ரிலிக் நெசவு. ஆண்டில் சில வாரங்கள் குடும்பத்தோடு படகில் தங்குவீர்கள், மற்ற நாட்களில் அது பூட்டிக் கிடக்கும். இந்த மூன்றில் எது நன்றாக உழைக்கும், எது உடம்புக்கு இதமாக இருக்கும் என்று கேட்கிறீர்கள். போகிறபோக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: பழைய உறைகள் எங்கும் கிழியவில்லை, ஆனாலும் நாற்றம் போகவில்லை, அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் என் பதில் போகும். எந்தத் துணி தேயாது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துணி உலரும் என்பதுதான் உங்கள் படகு கேட்கும் கேள்வி.

நான் இழைத் தொழில்நுட்பம் படித்தேன். பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படகுகளுக்கு மெத்தை தைக்கும் பட்டறையில் வேலை செய்து வருகிறேன். பட்டறைக்கு வரும் பழைய உறைகளைப் பிரித்துப் பார்க்கும்போது, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து கிழிந்தவை மிகவும் குறைவு. பூசணம் பிடித்தவை, தையல்நூல் இற்றுப்போனவை, ஜன்னலுக்குக் கீழே வெயில் பட்ட ஓரம் மட்டும் நைந்தவை, ஜிப் துருப்பிடித்து உறையைக் கழற்றவே முடியாமல் போனவை, இவைதான் பெரும்பான்மை. வீட்டு சோபா ஒன்று சாவதற்கும் படகு மெத்தை சாவதற்கும் காரணம் வேறு வேறு. அதனால் வீட்டுத் துணியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலைப் படகுக்குள் கொண்டுவந்தால் தவறான துணியில்தான் போய் நிற்போம்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் உப்பு. கடலில் நனைந்த கால்சட்டையோடு ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும். நீர் ஆவியாகிவிடும், உப்பு நூல்களுக்கிடையே தங்கிவிடும். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு வெகு கீழேயே ஈரம் பிடிக்க ஆரம்பித்துவிடும். நங்கூரமிட்டுக் கிடக்கும் படகின் மூடிய கேபினில் இரவு நேரத்து ஈரப்பதம் இந்த எல்லைகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எனவே உப்பு ஏறிய துணி பகலில் காய்ந்ததுபோல் தெரிந்து, இரவில் மறுபடி ஜில்லென்று நசநசத்துப் போகும். இந்தச் சுழற்சியை எந்தத் துணியாலும் முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் உப்பை நல்ல தண்ணீரில் எளிதாக அலசி வெளியேற்ற விடுகிற துணியும் உண்டு, பிடித்து வைத்துக்கொள்கிற துணியும் உண்டு.

இழைகள் தம்முள் எவ்வளவு நீரை இழுத்துக்கொள்ளும் என்பது அளந்து அறியப்பட்ட விஷயம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 65 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில், நன்கு உலர்ந்த நூறு கிராம் கம்பளி 14 முதல் 16 கிராம் நீரையும், பருத்தி 7 முதல் 8 கிராமையும், நைலான் சுமார் 4 கிராமையும், அக்ரிலிக் 1 முதல் 2 கிராமையும், பாலியெஸ்டர் 0.4 கிராமையும் உறிஞ்சி வைத்திருக்கும். பாலிபுரொப்பிலீன் அநேகமாக ஒன்றுமே உறிஞ்சாது. இந்த எண்களைப் பார்த்ததும் கடைசியில் இருப்பதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இழைக்குள் போகும் நீர் ஒரு கணக்கு, நூல்களுக்கிடையே தேங்கும் நீர் இன்னொரு கணக்கு. தடித்த, புசுபுசுவென்ற பாலியெஸ்டர் துணி ஒன்று, மெல்லிய பருத்தித் துணியைவிடக் கூடுதலான நேரம் ஈரமாகவே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இழை எது என்று கேட்ட மறுநொடியே நெசவு எப்படி என்றும் கேட்க வேண்டும்: முறுக்கேறிய மெல்லிய நூல்களால் தட்டையாக, நெருக்கமாக நெய்த துணி சீக்கிரம் உலரும், சிக்குச் சிக்காகப் புடைத்த நூல்களும், செனில் போன்ற ரோம நூல்களும் உப்பையும் நீரையும் ஒருசேரச் சேமித்து வைக்கும்.

பருத்திக்கு இதற்கு மேல் இன்னொரு குறை உண்டு, அதுதான் முக்கியமானது. பூசணம் செயற்கை இழைகளைத் தின்பதில்லை. அவற்றின் மேல் படிந்த வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசு ஆகியவற்றைத் தின்றுதான் வளர்கிறது. பருத்தி, லினன், விஸ்கோஸ் ஆகியவை செல்லுலோஸ் என்பதால் பூசணத்துக்குத் துணியே இரையாகிவிடும். அதனால்தான் பாலியெஸ்டர் உறையில் விழுந்த கறுப்புப் புள்ளியைத் துவைத்தபின் துணி வலுவோடு மிஞ்சுகிறது, பருத்தியில் அந்த இடம் விரலால் அழுத்தினாலே பொத்தென்று விட்டுப்போகிறது. உங்கள் இரண்டாவது மாதிரியைக் கையில் பிடித்தபோது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்றாலும் பூட்டிக் கிடக்கும் படகுக்கு அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். நாள் முழுவதும் ஆள் நடமாட்டமும் காற்றோட்டமும் கணப்பும் உள்ள, வாழ்ந்துகொண்டிருக்கும் படகு என்றால் பருத்திக் கலப்பும் கம்பளியும்கூடப் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன. உங்கள் படகு அப்படிப்பட்டதில்லை.

அடுத்தது வெயில். கேபினுக்குள்தானே, வெயில் எங்கே வருகிறது என்று நினைப்பீர்கள். கேபின் கூரையிலுள்ள திறந்த மேல்மூடியின் வழியாக விழும் வெளிச்சச் சதுரம் தினமும் அதே மெத்தையின் அதே பகுதியில்தான் மணிக்கணக்காக ஊர்ந்து போகும். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் குறுகிய அலைகளைத் தடுத்தாலும் நீண்ட அலைகளில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இதில் நைலானும், பாதுகாப்புச் சேர்மானம் இல்லாத பாலிபுரொப்பிலீனும் மோசமானவை. நூல் நொறுங்கத் தொடங்கிவிடும். பாலியெஸ்டர், கண்ணாடிக்குப் பின்னால் நன்றாகவே நிற்கும். அக்ரிலிக் எல்லாவற்றிலும் மேலானது. சாயத்தைப் பொறுத்தவரை, இழையை நூற்பதற்கு முன்பே, அது கரைசலாகவோ உருகலாகவோ இருக்கும் நிலையிலேயே நிறமியைக் கலந்துவிடும் முறை ஒன்று உண்டு. அப்படிப்பட்ட இழையை எந்த இடத்தில் வெட்டினாலும் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும். நெய்து முடித்தபின் சாயத்தொட்டியில் முக்கியெடுத்த துணியைவிடப் பல மடங்கு காலம் வெளுக்காமல் இருக்கும். 1961-இல் வெயில்மறைப்புகளுக்கென அறிமுகமான சன்பிரெல்லா இந்த வகை அக்ரிலிக்தான்; இன்று இதே முறையில் சாயமேற்றிய பாலியெஸ்டரும் கிடைக்கிறது. கடையில் "சாயம் போகாது" என்ற உத்தரவாதத்தைக் கேட்காதீர்கள். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 105-பி02 சோதனையில், துணி வெளுப்பதை நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடும் நீலக் கம்பளி அளவுகோலில் எத்தனை என்று கேளுங்கள். அந்த அளவு 1 முதல் 8 வரை போகும்; ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தாங்கும். கேபினுக்கு 6 போதும், மேல்மூடிக்குக் கீழே 7 இருந்தால் நல்லது.

இப்போது அந்த ஒரு லட்சம் உரசல்களைப் பற்றி. உலகில் இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஐஎஸ்ஓ 12947-இல் வரும் மார்ட்டின்டேல் முறையில், வட்டமாக வெட்டிய துணியைக் கம்பளித் துணி ஒன்றின் மேல் 12 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் எட்டு எட்டாகச் சுழலும் பாதையில் தேய்த்து, நூல்கள் அறும்வரை எண்ணுகிறார்கள். அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் டி4157-இல் வரும் வைசன்பீக் முறையில் பருத்திக் கித்தானாலோ கம்பி வலையாலோ முன்னும் பின்னுமாகத் தேய்க்கிறார்கள். ஒன்றின் எண்ணை மற்றொன்றாக மாற்றும் சூத்திரம் கிடையாது. அட்டையில் முறையின் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பும் கிடையாது. அமெரிக்காவின் அசோசியேஷன் ஃபார் கான்ட்ராக்ட் டெக்ஸ்டைல்ஸ் என்ற துணித்தொழில் சங்கம், மக்கள் இடைவிடாமல் வந்துபோகும் பொது இடங்களுக்கே வைசன்பீக்கில் 30,000, மார்ட்டின்டேலில் 40,000 போதும் என்கிறது. வைசன்பீக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்கள் கூடுதல் ஆயுளைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது என்றும் அந்தச் சங்கமே சொல்லியிருக்கிறது. அதோடு, இந்தச் சோதனைகளில் துணி காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கிறது. உங்கள் படகில் உப்புப் படிகமும் மணலும் நூல்களுக்கிடையே அரம்போல் உட்கார்ந்திருக்கும். அதை அளக்கும் எண் எதுவும் அந்த அட்டையில் இல்லை. மார்ட்டின்டேல் 30,000-க்கு மேல் இருந்தால் அந்த வரியைக் கடந்து அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

ரெக்சின் விஷயத்தில் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. பிவிசி பூசியது ஒன்று, பாலியூரித்தேன் பூசியது இன்னொன்று. பாலியூரித்தேன் ரெக்சின் தொட்டால் தோல்போல மென்மையாக இருக்கும். ஆனால் அதில் மலிவான வகைகளின் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன, அவற்றை ஈரமும் வெப்பமும் சேர்ந்து மெல்ல மெல்ல அறுத்துவிடும். தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் ஒரு படகுக்கு அப்படிப்பட்ட ரெக்சினில் முழு கேபினையும் தைத்துக் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டு அதன் உரிமையாளர் மெத்தை ஒன்றைப் பட்டறைக்குத் தூக்கிவந்தார். மேலே கையை வைத்துத் தடவினேன், பாம்புச் சட்டைபோல மேற்பூச்சு உள்ளங்கையோடு உரிந்து வந்தது, அடியில் வெளுத்த பின்னல் துணி மட்டும் நின்றது. எங்கும் ஒரு கீறல் இல்லை, தேய்மானமும் இல்லை. அந்தத் துணியின் உரசல் எண் மிக உயர்ந்தது. அதை நான் திரும்பத் தைத்துக் கொடுத்தேன், அதன்பின் நீராற்பகுப்புச் சோதனை, அதாவது ஈரம் அந்தப் பிணைப்புகளை அறுக்கிறதா என்று பார்க்கும் சோதனையின் முடிவைக் கேட்காமல் பாலியூரித்தேன் துணியை வெட்டியதே இல்லை. ஐஎஸ்ஓ 1419-இல் வரும் அந்தச் சோதனையில் மாதிரியை 70 டிகிரி வெப்பத்தில், 95 சதவீத ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பாலிகார்பனேட் அடிப்படையிலான பாலியூரித்தேன் இதில் நன்றாக நிற்கும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

பிவிசி ரெக்சினுக்கு உரிந்துபோகும் இந்த நோய் இல்லை. ஆனால் அது காற்றை விடாது. கோடை மதியத்தில் வெறுந்தொடை ஒட்டிக்கொள்ளும், எழும்போது பிய்த்துக்கொண்டு வரும். படகு சாயும்போது உட்கார்ந்திருப்பவர் வழுக்கிக்கொண்டே போவார். அதில் நெகிழ்வுக்காகச் சேர்க்கப்படும் பொருள் ஆண்டுகள் போகப் போக வெளியேறி, துணி விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். இளஞ்சிவப்புக் கறை ஒன்று வரும்; அது மேலிருந்து விழுந்த கறை என்று எண்ணிப் பலர் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோவார்கள். உண்மையில் உள்ளே ஈரமான ஃபோமிலும் பின்னல் துணியிலும் வளரும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் நிறமி, அந்த நெகிழ்வுப் பொருளில் கரைந்து மேலே ஏறிவருவதுதான் அது. எந்தச் சோப்பும் அதைப் போக்காது. அதனால் ரெக்சினை முழு கேபினுக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. படிக்கட்டிலிருந்து இறங்கியதும் ஈர உடையோடு சாயும் முதல் இருக்கை, வரைபட மேசையின் இருக்கை, இந்த இரண்டு இடங்களுக்கு மட்டும் நல்ல பிவிசி பொருத்தமானது, ஒரே துடைப்பில் உப்பு போய்விடும்.

இதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இது அளவைவிட அனுபவம் சார்ந்தது, ஆகவே என் கருத்தாகவே சொல்கிறேன். அக்ரிலிக் துணி வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: அதே நிறுவனம், அதே பெயரில், வெயில்மறைப்புக்கும் படகு மூடுறைக்கும் தனி ரகம் வைத்திருக்கும். அது கஞ்சி போட்டதுபோல் விறைப்பாக இருக்கும், இருக்கைக்கு உதவாது. மூலைகளில் சுருக்கம் விழும், கழுத்தில் உரசினால் சிவக்கும். மெத்தைக்கென்று நெய்த ரகம் தனி; கேட்டு வாங்குங்கள். பாலிபுரொப்பிலீன் உலர்வதில் முதலிடம் பெற்றாலும் கைக்குக் கொஞ்சம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். சுமார் 165 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சூடான எதுவும் பட்டால் தழும்பு விழும், எண்ணெய்க் கறையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். படுக்கைகளுக்கு நான் மிகவும் விரும்புவது நுண்ணிழை மென்தோல் வகை. 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய அல்ட்ராசூயிடிலிருந்து வந்த குடும்பம் இது: மிக மெல்லிய பாலியெஸ்டர் இழைகளைப் பின்னிப் பிணைத்து, பாலியூரித்தேனால் கட்டியிருப்பார்கள். குளிர்ந்த இரவிலும் தொட்டவுடன் ஜில்லிடாது, படகு சாய்ந்தாலும் போர்வை வழுக்காது, காற்றும் ஓரளவு போகும். இதிலும் அந்தப் பாலியூரித்தேன் எந்த வகை என்ற அதே கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், துணியைவிட மெத்தையின் கட்டமைப்புதான் அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பழைய உறைகளின் அடிப்பக்கம் மட்டும் கறுத்திருப்பதே அதற்குச் சாட்சி. இரவில் தூங்குபவரின் உடம்பிலிருந்து கிளம்பும் நீராவி ஃபோமின் வழியாக இறங்கி, கடல்நீரால் குளிர்ந்திருக்கும் பலகையைத் தொட்டதும் அங்கே நீராகப் படியும். மேலே எவ்வளவு உயர்ந்த துணியைப் போட்டாலும் அந்த நீர் போக வழியில்லை. ஆகவே மெத்தையின் அடிப்பக்கத்துக்கு மேல்துணியையே போடாமல், காற்றுப் புகும் தடித்த வலைத்துணியைப் போடுங்கள், துணிச்செலவும் குறையும். படுக்கைப் பலகையில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் இடலாம், அல்லது மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடித்து அவற்றின் மேல் மெத்தையைக் கிடத்தலாம். ஃபோமின் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதால், அடர்த்தி உயர்ந்ததாகவும் உட்கார மென்மையாகவும் இருக்கும் ஃபோம் கிடைக்கும். பழைய ஃபோமில் நாற்றம் ஏறியிருந்தால் அதன்மேல் புதுத் துணியைப் போட வேண்டாம். சில மாதங்களில் அதே நாற்றம் புதுத் துணிக்கும் வந்துவிடும்.

உறை கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜிப் பின்பக்கம் முழுவதும் ஓடி, இரண்டு மூலைகளையும் தாண்டிப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவு திரும்பட்டும். இல்லாவிட்டால் பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோமை உள்ளே திணிக்கும்போது தையல் பிரியும். பல்லும் இழுப்பானும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். நூல், பிணைப்புப் பூச்சுள்ள பாலியெஸ்டர், டெக்ஸ் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) 70 அல்லது 90. பருத்தி நூல் இற்றுவிடும், நைலான் நூல் வலுவானதுதான், வெயில்தான் அதற்கு ஆகாது. ரெக்சினைத் தைக்கும்போது தையலை நெருக்கிப் போட்டால் ஊசித்துளைகளே கிழிசலுக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிடும், நான்கு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஸ்டேப்பிள் அடிக்கும் இடங்களில் 316 ரகத் துருவேறா எஃகு தவிர வேறெதுவும் வேண்டாம். துணி போர்த்திய பொத்தான்களின் உள்ளே இருக்கும் தகரம் துருப்பிடித்துக் காவிக் கறை விடும் என்பதால் பொத்தானே வேண்டாம். ஃபோமை உறையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டினால்தான் துணி சுருங்காமல் இழுத்து நிற்கும். அதை உள்ளே நுழைக்கப் பட்டறையில் ஒரு வழி வைத்திருக்கிறோம்: ஃபோமை மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி, தூசு உறிஞ்சும் கருவியின் குழாயை ஓரத்தில் செருகிக் காற்றை இழுத்தால், அது அப்பளம்போல் தட்டையாகிவிடும், உறைக்குள் சறுக்கிவிட்டுக் குழாயை எடுத்ததும் மூச்சு வாங்குவதுபோல் விம்மி எழுந்து மூலை மூலையாக நிரம்பும். பிறகு பாலித்தீனை மறக்காமல் உருவிவிடுங்கள், உள்ளே விட்டால் ஈரம் சிறைப்படும்.

தீ விஷயம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பன்னாட்டுப் பயணத்தில் ஈடுபடும் பயணிக் கப்பல்களுக்கு, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் 2010 தீச்சோதனை விதித்தொகுப்பின் எட்டாம் பகுதி மெத்தை இருக்கைகளுக்கென்றே இருக்கிறது: புகையும் சிகரெட்டையும் சிறு தீச்சுடரையும் வைத்துப் பார்ப்பார்கள். தனியார் உல்லாசப் படகுகளை அந்த விதி பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் உங்கள் நாட்டுப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டாளரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்ரிலிக் தீப்பிடித்தால் விடாமல் எரியும் இழை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுப்புக்கு அருகே உள்ள மெத்தைக்குத் தீத்தடுப்பு ஃபோமும், துணிக்கும் ஃபோமுக்கும் இடையே தீத்தடுப்பு உள்ளுறையும் அவசியம்.

பூசணம் வராது, கறை பிடிக்காது என்ற வாக்குறுதிகளை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நீர் விலக்கும் பூச்சு, புதிதில் உண்மையாகவே நீர்த்துளியை உருண்டோட வைக்கும். உரசலிலும் துவைப்பிலும் அது குறையும், மறுபடி பூச வேண்டிவரும். பூசண எதிர்ப்பு மருந்து துணியின் இழையில் இருக்கிறது. அதன்மேல் படியும் அழுக்கில் இல்லை. அழுக்கு படிந்த துணியில் அந்த மருந்து எத்தனை நாள் பயன் தரும் என்று எந்த விற்பனையாளர் உறுதி சொன்னாலும் நான் அதை நம்பித் துணி வாங்குவதில்லை. துவைக்கும் வழி எது என்பது இதைவிடப் பெரிய கேள்வி: கரைசலிலேயே சாயமேற்றிய அக்ரிலிக்கைத் தேவைப்பட்டால் நீர்த்த வெளுப்பானால்கூடப் பூசணம் போகத் துவைத்து அலசலாம், மற்ற பல துணிகளில் அப்படிச் செய்தால் நிறமும் வலுவும் சேர்ந்தே போய்விடும். முதுகில் பசைப்பூச்சு தடவிய துணி என்றால் துவைத்தபின் அது பொடிப்பொடியாக உதிரலாம். மாதிரியைத் திருப்பிப் பார்த்து நகத்தால் சுரண்டினாலே தெரிந்துவிடும்.

முடிவு செய்வதற்கு முன் உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சில பரீட்சைகள் உண்டு. எந்த அட்டையையும்விட நான் இவற்றைத்தான் நம்புகிறேன். ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் சதுரமாகச் சில துண்டுகள் வாங்குங்கள். ஒரு துண்டைக் கடல்நீரில், கிடைக்காவிட்டால் லிட்டருக்கு 35 கிராம் கடலுப்பு கரைத்த நீரில், நனைத்துக் காயவையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, உப்பேறாத துண்டு ஒன்றின் பக்கத்தில் அதை இரவு முழுவதும் படகிலேயே வைத்து, விடிந்ததும் இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கைவிரல்களைவிடக் கன்னம் ஈரத்தை நன்றாக உணரும். பிறகு உப்பேறிய துண்டை நல்ல தண்ணீரில் ஒருமுறை மட்டும் அலசிக் காயவைத்து, நாக்கு நுனியால் தொட்டால் எது உப்பை விட்டது, எது விடவில்லை என்று தெரியும். இன்னொரு துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஆறு வாரம் மாட்டிவையுங்கள். தாளைப் பிரித்ததும் கோடு தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து இரு கைகளாலும் இழுங்கள். தையலை ஒட்டி நூல்கள் விலகி ஏணிபோல் இடைவெளி தெரிந்தால், உரசல் எண் எதுவானாலும் அது இருக்கைக்கு ஆகாது. கடைசியாக, மதிய வெயிலில் அரைக்கால் சட்டையோடு அதன்மேல் அரைமணி நேரம் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெளிர் நிறம் சிறிய கேபினை விரித்துக் காட்டும், அழுக்கையும் காட்டும். அடர்நீலமும் கறுப்பும் உப்புத் தடத்தை வெள்ளைக் கோலமாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று நிற நூல்கள் கலந்த, நடுத்தர நிறமுள்ள துணியே கறையையும் உப்பையும் ஒருங்கே மறைக்கும்.

என்னைக் கேட்டால், நீங்கள் காட்டிய மூன்றில் மூன்றாவதை, மெத்தை ரகம்தானா என்று உறுதி செய்துகொண்டு, நடுக்கேபின் இருக்கைகளுக்கு வாங்குவேன். படிக்கட்டுக்கு அருகே உள்ள ஒரு மெத்தைக்கு மட்டும் பிவிசி. முன்பக்கப் படுக்கைக்கு, பணம் இடம்கொடுத்தால், நுண்ணிழை மென்தோல். படகை நேரில் பார்க்காமல் சொல்வதால் ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை: அந்த முன்பக்கப் படுக்கையின் கறுப்புப் புள்ளிகள் ஆவி படிந்ததால் மட்டும் வந்தவையா, மேல்தளத்துப் பொருத்துகளின் வழியாக மழைநீர் கசிகிறதா என்பதை. மெத்தைகளை எடுத்துவிட்டு, பலகையின் மேல் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பாலித்தீன் தாளை விளிம்பு ஒட்டாமல் கூடாரம்போல் உயர்த்திக் கட்டி, ஒரு மழை இரவு முழுவதும் ஆள் படுக்காமல் விட்டுப் பாருங்கள். பாலித்தீனின் மேல் நீர் தேங்கியிருந்தால் தளம் கசிகிறது. எங்கே தேங்கியிருக்கிறது என்பதையும், மெத்தைகளின் தடிமனையும், பலகைக்கு அடியில் இருப்பது தண்ணீர்த் தொட்டியா வெறும் பெட்டியா என்பதையும் எழுதினீர்களானால், எவ்வளவு துணி தேவைப்படும் என்பதையும் எந்தப் பக்கத்தில் இணைப்புத் தையல் வரலாம் என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.